வெட்டுப்பட்ட பியூஸ் கம்பி

மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது தடவையாக ஆள் வந்தபோதே சோலைராஜுக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. சித்திரை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இரண்டு தடவையும் ஒரே புகார்தான். துணி துவைக்கிற மிஷின் ஓடுகிறது, உருளை சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. போய்ப் பார்த்தால் ஹீட்டருக்குப் போகிற பியூஸில் கம்பி இல்லை. புதுக் கம்பி சுற்றி, தண்ணீரில் ஆவி பறக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பியிருந்தான்.

அவன் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் வயர்மேன். ஷிப்ட் முடிந்த நேரங்களில் வெளி வேலையும் பார்ப்பான். பசுவந்தனை சாலையில் ஊரைத் தாண்டி இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு மிஷின் வந்தது போன கார்த்திகையில். ஜெர்மனியிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து லாரியில் பெரிய மரப்பெட்டியாக வந்து இறங்கியது. கோவில்பட்டி வட்டாரத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தானே தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தானே துவைத்ததால் ஆஸ்பத்திரி ஆட்கள் அதற்கு வெள்ளாவி மிஷின் என்று பேர் வைத்தார்கள். அதற்கு லைன் இழுத்து, ஹீட்டருக்குத் தனி பியூஸ் வைத்து, எர்த் குழி தோண்டி ஓட வைத்தவன் சோலைராஜ்தான். அறுபது கட்டிலின் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் துணிகளும் அதில்தான் வெளுத்தன.

மேட்ரன் எஸ்தர்ராணி தன் அறையில் அவனை உட்காரச் சொல்லவில்லை. ஐம்பது வயது நெருங்கிய பெண்மணி. பாளையங்கோட்டைப் படிப்பு. எதையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே நம்புகிறவர். மிஷின் தண்ணீரில் தினமும் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார்.

"நீங்க வந்து போற அன்னிக்குச் சூடு ஏறுது. மறுநாளே பச்சைத் தண்ணி. மறுபடி ஆள் விடுதேன், மறுபடி நீங்க வாரீங்க. இது எனக்குச் சரியாப் படல, சோலைராஜ்."

அவர் என்ன நினைக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. அரைகுறையாகச் செய்துவிட்டுப் போய், திரும்பத் திரும்பக் கூப்பிட வைக்கிறான் என்று நினைக்கிறார். மில்லில் இது தெரிந்தால் வெளி வேலைக்குப் போகிற அனுமதியே போய்விடும். நேரே சலவைக்கூடத்துக்கு நடந்தான்.

கூடத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவள் மிக்கேலம்மாள், குளத்தூர்ப் பக்கத்துக்காரி. பதினேழு வருஷமாக அங்கே துணி வெளுக்கிறவள். இளையவள் ராமலட்சுமி, ஆறு மாதக் கர்ப்பிணி. மிஷின் வருவதற்கு முன் நான்கு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். கொல்லைப்புறத்தில் செம்பு அண்டாவை ஏற்றி, பருத்திமாரை எரித்து, துணிகளை அவித்து எடுப்பார்கள். மிஷின் வந்த மாதமே இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி வெயிலுகந்தம்மாள். மிக்கேலம்மாளோடு கடைசி வரை ஒரே அண்டாவில் வேலை செய்தவள்.

சோலைராஜ் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு பியூஸைப் பிடுங்கினான். கம்பி இல்லை. ஆனால் இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. பியூஸின் பீங்கான் பிடியில் இருந்த இரண்டு திருகாணிகளிலும் மாட்டியிருந்த மிச்சத் துண்டுகளைக் கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கரண்ட் அதிகமாகி உருகிய கம்பியின் நுனியில் கடுகு போல ஒரு சின்ன உருண்டை நிற்கும். பீங்கானிலும் கரி படியும். இங்கே உருண்டையும் இல்லை, கரியும் இல்லை. நுனிகள் இரண்டும் சப்பையாக, பளபளவென்று இருந்தன. கத்தரியால் வெட்டினால்தான் அப்படி இருக்கும்.

அவன் தலையைத் தூக்கியபோது மிக்கேலம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த ஒரு விரிப்பை உதறி மறுபடி மடித்தாள்.

அவன் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேட்ரன் மேஜையில் வைத்தான். விஷயத்தைச் சொன்னபோது அவனுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. பழி தன் தலையிலிருந்து இறங்கியது.

மேட்ரனுக்கு யோசிக்க நேரமே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். மிஷின் சூடேறாத நாட்களில் கொல்லைப்புறத்தில் புகை தெரிகிறது. மிக்கேலம்மாள் யாரையும் கேட்காமல் பழைய அண்டாவை ஏற்றித் துணிகளை அவிக்கிறாள். அண்டாதான் நல்லது, மிஷின் உதவாது என்று காட்டத்தானே அது. வெயிலுகந்தம்மாளை மறுபடி உள்ளே கொண்டுவரப் பார்க்கிறாள். ஆர்.சி.க்காரி, கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவள். நம் புராட்டஸ்டன்ட் ஆஸ்பத்திரி மேல் அவளுக்கு என்ன பிடிப்பு இருக்கப்போகிறது. பங்குனியில் வந்து, மிஷின் தொட்டால் கடிக்கிறது, ராமலட்சுமி கையை விடாமல் பிடித்துக்கொண்டது என்று ஒரு கதை சொன்னாளே. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப நீங்கதானே வந்து பாத்தீங்க" என்றார்.

அவன்தான் பார்த்தான். மிஷின் உடம்பு முழுக்கக் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஈரக் கையோடு புது மிஷினைத் தொடுகிற பயம், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது அதுவும் மிக்கேலம்மாளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

மேட்ரன் அப்போதே ஒரு தாளை எடுத்து, திருநெல்வேலியில் இருந்த மிஷன் செயலாளருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். வேண்டுமென்று மிஷினைக் கெடுத்த பணியாளை உடனே நீக்க அனுமதி வேண்டும் என்று. கண்ணால் பார்த்துவிட்டு எழுதலாமே, நாளைக் காலையில் நான் மறைந்திருந்து பார்க்கிறேன் என்றான் சோலைராஜ். பாருங்கள், ஆனால் கடிதம் காலை பஸ்ஸில் போய்விடும் என்றார் அவர்.

பியூஸில் புதுக் கம்பி சுற்றிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

மறுநாள் காலை ஆறரைக்கே கூடத்தை ஒட்டிய இஸ்திரி அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டான். ஏழு மணிக்கு மிக்கேலம்மாள் தனியாக வந்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தரையில் ஒரு பலகையை எடுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, துணி கிண்டுகிற மரத்துடுப்பின் நுனியால் மெயினைக் கீழே தட்டினாள். பிறகுதான் பியூஸைப் பிடுங்கினாள். மடியிலிருந்து கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியை எடுத்தாள்.

சோலைராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது. மில்லில் அவனுக்குக் கீழே வேலை பழகுகிறவர்களே மெயினை அணைக்க மறப்பார்கள். இவளுக்கு இவ்வளவு பக்குவம் எங்கிருந்து வந்தது. நன்றாகத் திட்டம் போட்டுத்தான் செய்கிறாள் என்று சந்தேகம் இன்னும் இறுகியது. கம்பி நறுக்கென்று அறுபட்ட சத்தம் கேட்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அவள் அலறவில்லை. கத்தரியை மறைக்கவும் இல்லை. பலகையை விட்டு இறங்கி நின்றாள்.

"ஏன் இந்த வேல பாக்கீங்க யக்கா? உங்களால எம் பேரு கெட்டுப் போச்சு" என்றான்.

"உங்க பேருதான் கெட்டுச்சு. ராமலட்சுமிப் புள்ளைக்கு உசிரே போயிருக்கும்."

அவள் பேசப் பேச அவன் நம்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான். மாசி கடைசியிலிருந்து மிஷின் கடிக்கிறது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் சூடாகிற நேரத்தில் மட்டும்தான், பச்சைத் தண்ணீரில் ஓடும்போது இல்லை. பங்குனியில் ஒருநாள் ராமலட்சுமி ஈரத் தரையில் நின்றுகொண்டு மூடியைத் திறந்தாள். கை ஒட்டிக்கொண்டது. மிக்கேலம்மாள் மரத்துடுப்பால் அவள் கையை அடித்துத்தான் பிரித்தாள். மேட்ரனிடம் போய்ச் சொன்னாள். மேட்ரன் வயர்மேனை அழைத்தார். வயர்மேன் வந்து பயம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரிடம் சொல்வது. மிஷினை முதலில் பொருத்தும்போது அவன் மெயினை அணைத்துவிட்டு பியூஸ் கம்பி சுற்றியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அதையே செய்தாள். சூடு ஏறாத துணிகளை நோயாளிக்கு எப்படிப் போடுவது என்று, அவற்றைத் தானே கொல்லையில் அண்டாவில் அவித்தாள்.

"நான் கைய வச்சுப் பாத்தேனே. ஒண்ணும் இல்லயே" என்றான் சோலைராஜ்.

அவள் அவன் காலைப் பார்த்தாள். லாரி டயரில் வெட்டித் தைத்த செருப்பு. கோவில்பட்டியில் மில் ஆட்கள் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள்.

"நாங்க இங்கன வெறுங்காலோட நிக்கோம் அண்ணாச்சி. தண்ணிக்குள்ள நிக்கோம். நீங்க அதக் கழத்திட்டுத் தொட்டுப் பாருங்க, பாப்போம்."

இது ஒரு தந்திரமாக இருக்குமோ என்றுகூட அவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தொட அவனுக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து தன் சோதனை விளக்கை எடுத்தான். ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். புதுக் கம்பி சுற்றி, உருளையில் தண்ணீரை விட்டு, மிக்கேலம்மாளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டான். ஒரு வயரைச் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டில் கரண்ட் திரும்பி வருகிற முனையில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை மிஷினின் வெள்ளை உடம்பில் பெயின்ட் உதிர்ந்த ஒரு இடத்தில் வைத்தான்.

பல்பு எரிந்தது. முழு வெளிச்சம் இல்லை. மஞ்சளாக, மங்கலாக எரிந்தது. ஹீட்டர் பியூஸைப் பிடுங்கினான், அணைந்தது. சொருகினான், எரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தான். மெயினை அணைத்துவிட்டுக் கூடத்துப் படியில் வந்து உட்கார்ந்தான். பல்பை மிக்கேலம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேட்ரனிடம் சொன்னபோது அவர் முகம் இன்னும் இறுகியது.

"நேத்து அவ குத்தவாளி. இன்னிக்கு மிஷின் குத்தவாளியா? ரெண்டு பேருக்கும் உள்ள என்ன பேச்சு நடந்துச்சு?"

அவன் வாதாடவில்லை. வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னான். அவர் வந்தார். பல்பை அவரே வாங்கிப் பார்த்தார். அது நல்ல பல்புதானா என்று இஸ்திரி அறை பிளக்கில் சொருகி எரிய வைத்தும் பார்த்தார். பிறகு அவன் மிஷினில் வைத்துக் காட்டினான். மேட்ரன் பார்வை பல்பிலிருந்து தரைக்கு இறங்கியது. தரை முழுக்கச் சோப்புத் தண்ணீர். அப்போதுதான் வேலைக்கு வந்த ராமலட்சுமி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலில் வெறுங்காலோடு நின்றாள். அவளை அங்கேயே நிற்கும்படி மேட்ரன் கையைக் காட்டினார். வெகு நேரம் அந்தக் கையை இறக்கவே இல்லை.

மிஷினின் பின்பக்கத்தைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. ஐந்து மாதத்தில் ஹீட்டர் குழல் மேல் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு மாதிரி பற்றுப் பிடித்திருந்தது. உள்ளே இருந்த சூடு வெளியே போக வழியில்லாமல் குழலின் தோல் ஓரிடத்தில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மிஷின் உடம்புக்கும் கரண்ட் இறங்கியது.

மேட்ரன் விடவில்லை. அப்படி இறங்குகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகத்தான் எர்த் குழி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அது என்ன ஆனது என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று சோலைராஜுக்குத் தெரியும். கூடத்துக்குப் பின்னால் போனார்கள். வேம்பின் நிழல் எட்டாத இடம். சித்திரை வெயிலில் கரிசல் மண் வாய் பிளந்து கிடந்தது. எர்த் குழாயைச் சுற்றி மண் சுருங்கி விலகி, கை உள்ளே போகிற அளவு இடைவெளி. அவன் அதற்குள் ஒரு குச்சியை விட்டான். தங்குதடையில்லாமல் இறங்கியது. ஈரம் பிடித்து வைக்க உள்ளே போட்டிருந்த அடுப்புக்கரி காய்ந்து சலசலத்தது. குழாய் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த இடமே அதிகம் இல்லை. எர்த் நன்றாக இருந்திருந்தால் முதல் நாளே பியூஸ் தானாக உருகிப்போய் எச்சரித்திருக்கும்.

"தினம் ஒரு குடம் தண்ணி இதுல ஊத்தணும்னு சொல்லிட்டுப் போனேன்" என்றான்.

மாசியில் கிணறு வற்ற ஆரம்பித்ததும், குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நிறுத்தச் சொன்னது அவர்தான். நோயாளிக்கே தண்ணீர் இல்லாதபோது மண்ணுக்கு எதற்கு என்று நினைத்திருந்தார். அதை மேட்ரன் மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார்.

அத்தோடு சோலைராஜ் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழி முழுக்க அந்தக் குடத்துத் தண்ணீர் மேல் போயிருக்கும். மிக்கேலம்மாள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. இவன் இன்னும் எதையோ மறைக்கிறான் என்கிற சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எட்டடி தோண்டணும் மேட்ரன் அம்மா. நான் அஞ்சடிதான் தோண்டுனேன்" என்றான். "கார்த்திக மழ. மண்ணு மம்பட்டியில ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. பக்கமெல்லாம் சரிஞ்சு விழுந்துச்சு. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல பல்பு வச்சுப் பாத்தேன், அன்னைக்கு ஈரத்துல நல்லா எரிஞ்சுச்சு. போதும்னு விட்டுட்டேன். எட்டுன்னு எழுதிக் குடுத்தது பொய்."

எஸ்தர்ராணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. மில்லுக்குச் சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. நான் உங்களை முதலில் சந்தேகப்பட்டது தப்பு என்று நேற்று ராத்திரி நினைத்துக்கொண்டேன், அது அவ்வளவு தப்பில்லை போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் மிக்கேலம்மாளை மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார்கள். காலைக் கடிதம் பஸ் ஏறிப் போயிருந்தது. அதற்கு மாற்றாக இன்னொன்று எழுதவேண்டும். கழற்றிய ஹீட்டரைக் காட்டுவதற்காக அங்கே வந்திருந்த சோலைராஜ் கதவோரத்தில் நின்றான். மேட்ரன் மிக்கேலம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. எழுதிய கடிதத்தை மேட்ரன் வாசித்துக் காட்டினார். மிஷினில் மின்சாரக் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. பணியாள் மிக்கேலம்மாளுக்கும் பழுதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கம்பியை வெட்டினார் என்று முன் கடிதத்தில் எழுதியது தவறான தகவல். அதை ரத்து செய்யவும்.

அவளைக் காப்பாற்றத்தான் மேட்ரன் அப்படி எழுதியிருந்தார். வெட்டியது உண்மை என்று தெரிந்தால் செயலாளர் என்ன சொல்வாரோ என்கிற பயம் அவருக்கு.

மிக்கேலம்மாள் மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நான் வெட்டலன்னு எழுதாதீங்கம்மா. நான்தான் வெட்டுனேன். மூணு தடவ வெட்டுனேன், இன்னிக்கோட நாலு. அப்படியே எழுதுங்க. எதுக்கு வெட்டுனேன்னும் எழுதுங்க. வந்து சொன்னேன், யாரும் கேக்கலன்னும் எழுதுங்க."

"அப்படி எழுதினா உன் வேலைக்கே ஆபத்து, மிக்கேலம்மா."

"வெட்டலன்னு எழுதுனா நான் மிஷின் கடிக்குதுன்னு சொன்னதும் பொய்யாப் போகும். நாளைக்கு வேற ஒருத்தி வந்து சொன்னாலும் யாரு கேப்பாவ?"

மேட்ரன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தத் தாளை நீளவாக்கில் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினார். யாரும் கேட்கவில்லை என்ற வரிக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, நான் கேட்கவில்லை என்று எழுதினார். அதையும் வாசித்துக் காட்டினார். மிக்கேலம்மாள் சரி என்றாள்.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரியில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. மிஷினைக் கெடுத்தவள் என்று பாதிப் பேரும், மேட்ரனையே தன் தப்பை எழுதவைத்தவள் என்று மீதிப் பேரும் ஒதுங்கிப் போனார்கள். அவள் விடிந்ததும் வந்து அண்டாவை ஏற்றினாள். செயலாளரின் கடிதத்தில் மூன்றே வரி இருந்தது. மிக்கேலம்மாள் வேலையில் தொடரலாம். ஜெர்மனியிலிருந்து புது ஹீட்டர் வரும் வரை மிஷினைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் ஓட்டவும். துணிகளை அவிக்க ஓர் ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளவும். வெயிலுகந்தம்மாள் மறுநாளே வந்து சேர்ந்தாள்.

எர்த் குழியை சோலைராஜ் தானே மறுபடி தோண்டினான். ஐந்தடிக்குக் கீழே மண் பாறை மாதிரி இருந்தது. கடப்பாறையால் மூன்று ஞாயிற்றுக்கிழமை குத்தி எட்டடிக்கு இறக்கினான். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. மிக்கேலம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசி நாளில் அவன் மேலே ஏறி வந்தபோது, அவள் கொல்லையில் கிடந்த துணிக்கொடிக் கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குழிக்குள் இறக்கினாள். மண் மட்டத்தில் விரலை வைத்து அடையாளம் பார்த்து வெளியே எடுத்தாள். தரையில் கிடத்தி முழம் போட்டாள். ஐந்து முழத்துக்கு மேலேயே இருந்தது, முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் எட்டடி.

"சரியாத்தான் இருக்கு. மூடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.